முதலில் டயரைப் பாருங்கள்

பழைய அமெரிக்கக் கார்ப் படங்களைப் பார்க்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அலுக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுக்கு வரும் அண்ணனின் தலைவிளக்கு ஜன்னலுக்கு வெளியே மரம் மரமாக நகரும்போதுதான் நேரம் என்ன என்றே தெரியும். கேரள எல்லையோர வெள்ளறடையில் இருந்துகொண்டு, நூறு வருஷத்துக்கு முன்னால் டெட்ராய்ட்டில் எடுத்த படத்தில் அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். டயரைப் பார்க்கிறேன்.

நிஜமாகவே சொல்கிறேன். காரின் முகப்பு, விளக்கு, தொப்பி போட்ட கனவான், வெள்ளை கவுன் போட்ட சீமாட்டி எல்லாம் அப்புறம் இருக்கட்டும். ஃபோர்டு கம்பெனி 1908 அக்டோபரில் மாடல் டி காரை விற்பனைக்கு விட்டது. அந்த முதல் சில வருஷப் படங்களை எடுத்துப் பாருங்கள். டயர் வெள்ளையாக இருக்கும்! படம் மங்கிப்போனதால் அப்படித் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அதே படத்தில் காரின் உடம்பும் டிரைவரின் பூட்ஸும் கன்னங்கரேல் என்று இருந்தன. டயர் மட்டும் எப்படி மங்கும்?

விடை எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரோலரில் அடித்து வெளியே எடுத்த ரப்பர் ஷீட் என்ன நிறம்? பால் வெள்ளை. புகைப்புரையில் போட்ட பிறகுதான் அது தேன் நிறம் ஆகிறது. ரப்பருக்கு இயல்பாகவே கறுப்பு கிடையாது. அந்தக் காலத்து டயரில் துத்தநாக ஆக்சைடும் கலந்தார்கள், அதனால் இன்னும் வெளுத்தது. 1910-க்குப் பிறகுதான் டயர் பல மடங்கு உழைக்கட்டும் என்று கார்பன் பிளாக் என்ற கரித்தூளைச் சேர்க்கத் தொடங்கி, மெல்ல மெல்ல எல்லா டயரும் கறுத்தது. ஆகவே தேதி எழுதாத ஒரு கார்ப் படம் கையில் கிடைத்து, அதில் டயர் வெள்ளையாக இருந்தால், அது பெரும்பாலும் 1910-களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்று சொல்லிவிடலாம். ரப்பர் ஷீட் அடித்துப் பழகிய கைக்கு இந்த வித்தை தானாக வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அதற்குப் பிறகு எந்தப் படத்தைத் திறந்தாலும் கண் நேரே சக்கரத்துக்குத்தான் போகிறது. 1913-ல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் ஆலைக்கு வெளியே எடுத்த ஒரு படம் இருக்கிறது. ஒரு நாள் உற்பத்தி, சுமார் ஆயிரம் சேஸிஸ், வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கார் இல்லை, வெறும் எலும்புக்கூடு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலு சக்கரம். நாலாயிரம் டயர்! ஒரே நாளில்! எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் பால் ஊற்றினால் பத்து ஷீட் கிடைக்கும். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இத்தனைக்கும் பால் எங்கிருந்து வந்தது? யார் வெட்டினார்கள்?

வெட்டியவர்கள் நம் ஆட்கள். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் அதே வருஷம் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து மலாயா, அங்கிருந்து எங்கெங்கோ. அமெரிக்காவில் கார் பெருகப் பெருக, மலாயாவில் காடு ரப்பர்த் தோட்டமானது. அந்தத் தோட்டங்களில் கத்தி பிடித்தவர்களில் பெரும்பங்கு தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிப்போன ஜனங்கள். 1920-களில் உலகத்து ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கே போனது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய், காரை ஓரமாக நிறுத்தி, மட்கார்டில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்தப் படங்களில் தமிழன் எங்கே என்று கேட்காதீர்கள். தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டியது. மாடல் டி முதலில் 850 டாலர். நகரும் பட்டையில் கார் கோக்கும் முறை 1913-ல் வந்தபின், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. 1914-ல் ஃபோர்டு தொழிலாளிக்கு நாளைக்கு 5 டாலர் கூலி. 1925-ல் காரின் விலை 260 டாலர் வரை இறங்கியது. காரைச் செய்பவனே காரை வாங்கலாம் என்பது அதுவரை உலகம் காணாத சங்கதி. காசு இல்லாதவனுக்குத் தவணை. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கென்றே 1919-ல் தனிக் கம்பெனி தொடங்கியது. 1927-ல் மாடல் டி நிற்கும்போது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியே வந்திருந்தன. ஒன்றரைக் கோடி குடும்பங்கள் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காதா? எடுத்தார்கள். கையில் கோடக் இருந்தது. ஒரு டாலர் விலைக்கு பிரவுனி காமிரா 1900-லேயே வந்துவிட்டது.

கோடக் என்றதும் எங்கள் ஊர்ப்பக்கக் கதை ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. வெள்ளறடையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் காரக்கோணம். அங்கே டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி. அந்த சோமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனவர். திரும்பும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை வேண்டாம் என்று இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட். உச்சிக்குப் புறப்பட்ட ஜார்ஜ் மேலரிக்குத் தன் வெஸ்ட் பாக்கெட் கோடக் காமிராவைக் கொடுத்து அனுப்பினார். மேலரி திரும்பவில்லை. 1999-ல் அவர் உடல் கிடைத்தது, காமிரா கிடைக்கவில்லை. அது கிடைத்தால், உச்சியை முதலில் தொட்டது யார் என்ற கேள்விக்கே விடை கிடைக்கலாம் என்று மலையேறிகள் இன்றும் தேடுகிறார்கள். ராச்செஸ்டர் நகரத்து ஆலையில் செய்து லட்சக்கணக்கில் விற்ற ஒரு சட்டைப்பை காமிரா, நம் நெய்யூர் டாக்டருடையது, எவரெஸ்ட் பனியில் எங்கோ கிடக்கிறது! இதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சரி, என் பொக்கிஷத்துக்கு வருகிறேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் எடுத்த படங்கள் இருக்கின்றன. பொருளாதாரப் பெருமந்தம் என்ற பெரும் பஞ்சகாலத்தில், 1935 முதல், ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் தலைமையில் அரசாங்கமே போட்டோக்காரர்களை நாடு முழுக்க அனுப்பியது. டாரத்தியா லாங்கே, வாக்கர் எவன்ஸ், ரஸ்ஸல் லீ, ஆர்தர் ராத்ஸ்டைன், கார்டன் பார்க்ஸ். சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள்! அரசாங்கச் சொத்து, ஆகவே யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதுவும் பெரிய கோப்பாக, காரின் நம்பர் பிளேட்டில் ஒட்டிய சேறு தெரியும் அளவுக்கு. ஸ்ட்ரைக்கருக்குப் பிடிக்காத நெகட்டிவை அவர் பஞ்ச் கொண்டு ஓட்டை போட்டுவிடுவார். அந்தப் படங்களில் நடுவே கறுப்பு வட்டம் விழுந்திருக்கும், சிலதில் ஆளின் முகத்தின் மேலேயே. மனசு வலிக்கும். அவற்றையும் நூலகம் எறியாமல் வைத்திருக்கிறது. அந்த ஆட்களுக்கு என் கோடி நமஸ்காரம்.

அந்தத் தொகுப்பிலேயே பெயர் பெற்ற படம் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் லாங்கே எடுத்தது. பட்டாணி பறிக்க வந்து, பயிர் உறைபனியில் கருகி, வேலையில்லாமல் கூடாரத்தில் கிடந்த ஒரு தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் முழுக்கத் தெரியும். சாப்பாட்டுக்காக அவர் காரின் டயரை விற்றுவிட்டார் என்று லாங்கே எழுதினார். இதை நான் அம்மைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மை ஒட்டுப்பால் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

“டயர வித்திருக்க மாட்டா மக்கா. டயர வித்தா பின்ன அடுத்த எடத்துக்கு எப்பிடி போவா? பிள்ளையள வச்சிட்டு அங்கயே கெடக்கவா?”

அம்மை சொன்னதுதான் சரி. அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். அவரும் பிள்ளைகளும் பல வருஷம் கழித்து அதை மறுத்தார்கள். விற்க வேறு டயரே இல்லை, இருந்ததெல்லாம் அவர்களுடைய ஹட்சன் காரில் மாட்டியிருந்தவை, அதிலேயே அந்த இடத்தை விட்டுப் போனோம் என்றார் மகன். ஒரு படத்தைச் சரியாகப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். கூலிக்காக ஊர் ஊராகப் போனவர்கள் வயிற்றில் பிறந்திருந்தால் போதும். லாங்கேயின் படத்துக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. அந்த முகம் அந்த முகம்தான். ஆனால் அன்றிலிருந்து படத்தைவிடத் தலைப்பைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

லாங்கேயின் இன்னொரு படம், 1937, லாஸ் ஏஞ்சலஸ் போகும் சாலை. முதுகு காட்டி இரண்டு பேர் மூட்டையோடு நடந்து போகிறார்கள். சாலையோரத்தில் ரயில் கம்பெனியின் விளம்பரப் பலகை. அடுத்த முறை ரயிலில் போய்ப் பாருங்கள், ஓய்வாக இருங்கள் என்கிறது அது. சொகுசு நாற்காலியில் ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். அவ்வளவுதான் படம். ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்லை.

அதே 1937-ல் மார்கரெட் போர்க்-ஒயிட் ‘லைஃப்’ பத்திரிகைக்கு எடுத்தது இதைவிடப் பெரிய அடி. ஒஹையோ ஆற்று வெள்ளத்துக்குப் பின் லூயிவில் நகரத்தில், கையில் கூடையும் வாளியும் பையுமாகக் கறுப்பின மக்கள் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே தேசிய உற்பத்தியாளர் சங்கம் வைத்த பிரம்மாண்டமான பலகை. காருக்குள் வெள்ளைக்கார அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாய். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. உலகத்திலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் என்று எழுத்து. அந்தக் கார் வரிசையில் நிற்பவர்கள் மேல் ஏறப்போவது போலவே வரும். இதைப் பஞ்சகாலத்து வேலையில்லாதவர்களின் வரிசை என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை, வெள்ளத்தில் வீடு போனவர்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் கனக்கிறது.

வாக்கர் எவன்ஸ் 1935-ல் பென்சில்வேனியாவில் எடுத்த கார்ச் சுடுகாடும் எனக்கு உயிர். புல்வெளியில் செத்த கார்கள் மாடு மேய்வதுபோலப் பரவிக் கிடக்கின்றன. வருஷா வருஷம் புது மாடல் என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆரம்பித்து வைத்த பழக்கம், நன்றாக ஓடும் வண்டியைக்கூடப் பழசாக்கியது. அதன் முடிவை எவன்ஸ் ஒரே படத்தில் காட்டிவிட்டார்.

ரப்பர்க்காரனுக்குத் தனி விருந்து 1942. ஜப்பான் மலாயாவைப் பிடித்தது, பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அங்கே ரேஷனில் முதலில் வந்த பொருள் எது தெரியுமா? சர்க்கரை இல்லை, இறைச்சி இல்லை, டயர். அந்த ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஜூன் மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டார் என்று ஜனங்கள் பழைய டயர், தண்ணீர்க் குழாய், ரப்பர் செருப்பு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் பெட்ரோல் பங்கில் கொண்டுவந்து கொட்டினார்கள், ராத்தலுக்கு ஒரு சென்ட். டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கும் ரேஷன். பெட்ரோல் குறைவு என்பதால் அல்ல, வண்டி ஓடினால் டயர் தேயும் என்பதற்காக! அந்த டயர்க் குன்றுகளின் படங்கள் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், வெட்டியவனுக்குக் கிடைத்ததும் விற்றவனுக்குக் கிடைத்ததும் மனசுக்குள் ஓடும்.

ஃபோர்டு தானே ரப்பர் வளர்த்துவிடலாம் என்று 1928-ல் அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே கட்டினார். காட்டு நடுவில் அமெரிக்க வீடுகள், தண்ணீர்த் தொட்டி, நேர்க்கோட்டுத் தெருக்கள். அந்தப் படங்களை விட்டுவிடாதீர்கள், கண் அகலும். மரங்களை நெருக்கி நட்டதும் இலைப் பூஞ்சை வந்து வாரிக்கொண்டு போனது. 1945-ல் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பூஞ்சை இன்னும் நம் பக்கம் வரவில்லை. வெள்ளறடையிலிருந்து ஆறுகாணி வரை மரங்கள் வரிசை கட்டி நிற்பது அந்தப் புண்ணியத்தில்தான்.

நம் ஊருக்கு அந்தக் கார்கள் வந்த கதையும் சுவையானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சேவ்ரியில் ஆலை வைத்து செவ்ரலே கோத்தது. மதுரை டி.வி.எஸ். அவர்களுடைய ஏஜென்ட். சொந்தக் காருக்கு ஜனங்கள் வைத்த பெயர் பிளஷர். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை ஏக்கம் இருக்கிறது! பாட்டிமார் இன்றும் பிளசர் என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் பக்கத்துச் சாதாரண ஜனத்துக்கு மோட்டார் என்றால் பஸ். 1938 பிப்ரவரி 20-ல் திருவிதாங்கூர் அரசு பஸ் தொடங்கியபோது, லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்ற அதிகாரி, மகாராஜா சித்திரைத் திருநாள் உட்கார்ந்த முதல் வண்டியைத் தானே ஓட்டினார்.

எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. ஆனால் ஒரு படம் இருக்கிறது. எஸ்டேட்டு ஜீப் ஒன்றின் பக்கத்தில் பாட்டா நிற்கிறார். வெள்ளை வேட்டி, சட்டையில்லாத தோளில் துண்டு. கேரளத்துக் கே.எல்.டி. நம்பர், ஆகவே 1956 நவம்பரில் எல்லைக்கோடு கிழித்து விளவங்கோடு மதராசுக்கும் நெய்யாற்றங்கரை கேரளத்துக்கும் போன பிறகு எடுத்தது. ஜீப் அமெரிக்கப் பட்டாளத்துக்காகப் பிறந்த வண்டி. வில்லிஸும் ஃபோர்டுமாகப் போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். மகீந்திரா 1947-ல் இங்கே கோக்க ஆரம்பித்தது. மழைக்காலச் சேற்றில் அம்பூரிப் பாதையில் ஏற அன்று வேறு எதனாலும் முடியாது.

அமெரிக்கப் படங்களில் ஆட்கள் கை வைக்கும் இடம் மட்கார்டு, கால் வைக்கும் இடம் ஃபுட்போர்டு. பாட்டா கை வைத்திருப்பது ஸ்டெப்னியில். டயரின் மேல் உள்ளங்கையை விரித்து, ஒரு மரத்தின் பட்டையைத் தடவிப் பார்ப்பதுபோல வைத்திருக்கிறார். அவர் வெட்டுக்காரர். இந்தப் படத்தைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது. லாங்கேயும் எவன்ஸும் எடுத்த எந்தப் படத்துக்கும் இது குறைந்ததில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஸ்டெப்னி என்ற சொல்லும் 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெஹ்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியிலிருந்து வந்தது. அந்தக் கம்பெனி போய்விட்டது. பனச்சமூட்டில் பஞ்சர் ஒட்டும் பையன் வாயில் சொல் இருக்கிறது.

பனச்சமூடு, குன்னத்துக்கால், காரக்கோணம், தனுவச்சபுரம், பாறசாலை, அந்தப் பக்கம் கடையாலுமூடு, அருமனை என்று எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் கல்யாணக் காரோ, எஸ்டேட்டு ஜீப்போ, சந்தை லாரியோ பக்கத்தில் யாராவது நிற்கிற படம் ஒன்றாவது இருக்கும். மழைக்காலம் வருவதற்கு முன் அதை டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். ஈரமும் கரையானும் காத்திருக்காது. ஒரு நல்ல வெயில் நாளில் நிழலான இடத்தில் வைத்து செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிற்பவர் யார், வண்டி யாருடையது, எந்த இடம் என்று வீட்டில் மூத்தவர்களிடம் இன்றே கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.